இன்டர்வியூவில் நர்ஸ் கேட்க வேண்டிய கேள்விகள்: தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனையில் முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கு

இன்டர்வியூ முடியும் நேரத்தில் நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் “வேற ஏதாவது கேக்கணுமாம்மா?” என்பார். ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ), பி.எஸ்சி. நர்சிங் முடித்து முதல் வேலைக்கு வந்தவர்களில் பலர் “இல்ல மேடம்” என்று எழுந்துவிடுகிறார்கள். நைட்டில் எத்தனை நோயாளிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும், கைக்கு எவ்வளவு வரும், பாண்ட் (இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்ற ஒப்பந்தம்) எத்தனை வருடம் என்பதெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரியவருகிறது. அதற்குள் ஒரிஜினல் சர்டிபிகேட் ஆபீஸ் பீரோவுக்குள் போயிருக்கும். அந்த ஒரு நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அடிப்படை ஒன்றுதான். பதில் எண்ணாகவோ எழுத்தாகவோ வரும்படி கேளுங்கள். “ஒர்க் லோடு எப்படி மேடம்?” என்றால் “எல்லா ஆஸ்பத்திரி மாதிரிதாம்மா” என்று முடிந்துவிடும். “ஆண்கள் மெடிக்கல் வார்டுல எத்தனை பெட், நைட்டுக்கு எத்தனை ஸ்டாஃப் மேடம்?” என்று கேட்டால் இரண்டு எண்கள் வந்தாக வேண்டும். எண் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமும் ஒரு பதில்தான்.

போகும் முன்

மருத்துவமனையில் எத்தனை படுக்கை, ஐ.சி.யு. உண்டா, என்.ஏ.பி.எச். அங்கீகாரம் (மருத்துவமனைத் தரத்துக்கான தேசிய அங்கீகாரம்) உண்டா என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். படுக்கை எண்ணிக்கை சம்பளப் பேச்சுக்கும் பிறகு உதவும். கேள்விகளை ஒரு சின்ன நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். நோட்டைப் பார்த்துக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஷிப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவர் எழுதப் பழகிய கைதானே.

மதிப்பெண் பட்டியல், டிப்ளமோ அல்லது பட்டம், தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதிகள் கவுன்சிலின் ஆர்.என்.ஆர்.எம். (பதிவுபெற்ற நர்ஸ், பதிவுபெற்ற மிட்வைஃப்) பதிவுச் சான்று ஆகியவற்றில் மூன்று செட் நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலைக் காட்டுவதற்கு மட்டும் எடுத்துப் போங்கள். கவுன்சில் பதிவு இன்னும் கைக்கு வரவில்லை என்றால் அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். “பதிவு வர்ற வரைக்கும் எந்தப் பதவியில சேர்ப்பீங்க, வந்த பிறகு லெட்டரை மாத்தித் தருவீங்களா?” என்று சேர்த்துக் கேளுங்கள். பதிவுக்கு முன் செய்த வேலையை வெளிநாட்டு நர்சிங் அமைப்புகள் பலவும் அனுபவமாகக் கணக்கில் எடுப்பதில்லை.

யாரிடம் எதைக் கேட்பது

வார்டு, ஷிப்ட், பயிற்சி பற்றி நர்சிங் சூப்பரின்டெண்டன்டிடம் கேளுங்கள். சம்பளம், பாண்ட், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), சர்டிபிகேட் எல்லாம் எச்.ஆரிடம். இரண்டையும் மாற்றிக் கேட்டால் “அதை ஆபீஸ்ல கேளும்மா”, “அதை மேடம்கிட்ட கேளுங்க” என்று இரண்டு பக்கமும் தட்டிக் கழிக்கப்படும். மூன்றாவது ஆள் வார்டில் டூட்டியில் இருக்கும் அக்கா. மற்ற இருவரும் சொன்னது உண்மையா என்பது அவரிடம்தான் தெரியும்.

சம்பளத்தை எடுத்த எடுப்பில் கேட்க வேண்டாம். எச்.ஆர். “எப்ப ஜாயின் பண்ண முடியும்?” என்று கேட்கிறாரே, அப்போது கேளுங்கள். அவர்களுக்கு நீங்கள் வேண்டும் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆள் எத்தனை, நோயாளி எத்தனை

இருக்கும் கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

என்.ஏ.பி.எச். அங்கீகாரத்துக்குப் போகும் மருத்துவமனைகள் வைத்துக்கொள்ளும் பொதுவான அளவு இது: பொது வார்டில் ஒரு ஷிப்டுக்கு 6 நோயாளிக்கு ஒரு நர்ஸ், ஐ.சி.யு.வில் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒருவர், வென்டிலேட்டர் இல்லாதவர் என்றால் 2 பேருக்கு ஒருவர். நீங்கள் கேட்கும் எண்ணை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

“எங்க வார்டுல 10 ஸ்டாஃப் இருக்காங்க” என்று சொன்னால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். 30 படுக்கை வார்டு என்று வைத்துக்கொள்வோம். 10 பேரில் வார விடுப்பு, நைட் ஆஃப், லீவு என்று தினமும் 2 பேராவது இருக்க மாட்டார்கள். மீதி 8 பேரைக் காலை 3, மாலை 3, இரவு 2 என்று பிரித்தால் நைட்டில் ஒருவருக்கு 15 நோயாளி. அதே வார்டுக்கு 6-க்கு ஒருவர் என்ற அளவில் ஷிப்டுக்கு 5 பேர், மூன்று ஷிப்டுக்கு 15 பேர், விடுப்புக்கு மாற்றாக 30 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 20 பேர் வேண்டும். ஆகவே மொத்த எண்ணிக்கையைக் கேட்காமல், “ஒரு நைட்டுக்கு எத்தனை பேர்?” என்று கேளுங்கள்.

அடுத்து, நைட் பார்க்கும் அந்த 2 பேரில் நீங்களும் ஒருவராக எப்போது ஆவீர்கள் என்பது. “எத்தனை நாள் சீனியர் கூட இருப்பேன்? முதல் நைட் டூட்டி எப்ப வரும்? அப்ப கூட யார் இருப்பாங்க?” வந்த மூன்றாம் நாளே புதியவரைத் தனியாக நைட்டில் போடும் இடங்கள் உண்டு. மருந்துத் தவறு நடப்பது அங்கேதான். ஐ.சி.யு. என்றால் இதை இன்னும் அழுத்திக் கேளுங்கள். வென்டிலேட்டர் அலாரம், இன்பியூஷன் பம்ப், மூச்சுக்குழாயில் சக்ஷன் இவற்றையெல்லாம் யார் சொல்லிக்கொடுப்பார், “இவருக்குத் தெரியும்” என்று யார் கையெழுத்துப் போடுவார் என்று கேட்க வேண்டும். கையெழுத்துப் போடும் பழக்கமே இல்லாத இடத்தில் பயிற்சியும் பெரும்பாலும் இருக்காது.

சின்ன நர்சிங் ஹோமுக்குப் போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது: “நைட்டுல டியூட்டி டாக்டர் கட்டடத்துக்குள்ளேயே இருப்பாரா, போன்லதானா?” போனில்தான் என்றால் அடுத்த கேள்வி: “போன் ஆர்டரை எப்படி எழுதணும், டாக்டர் எப்ப வந்து கையெழுத்துப் போடுவார்?” ஆர்டரைக் கேட்டு எழுதி, மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பி வாசித்துக் காட்டி, நேரத்தையும் குறித்து, டாக்டரிடம் கையெழுத்து வாங்கும் முறை இருந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு. “அதெல்லாம் எழுத வேண்டாம், சொன்னதைப் போட்டுட்டா போதும்” என்று பதில் வந்தால் அந்த வேலையை விட்டுவிடலாம். பிரச்சினை வரும் நாளில் சார்ட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து மட்டும்தான்.

ஷிப்ட்

“எட்டு மணி நேரமா, பன்னிரண்டா?” என்று நேராகக் கேளுங்கள். வாரம் 6 நாள், 8 மணி நேரம் என்றால் 48 மணி நேரம். 12 மணி நேரம் என்றால் 72. இரண்டுக்கும் ஒரே சம்பளம் சொல்கிறார்களா என்று பாருங்கள். தொடர்ந்து எத்தனை நைட், அதற்குப் பிறகு எத்தனை ஆஃப், ரிலீவர் வராவிட்டால் டபுள் டூட்டியா, அதற்குப் பணமா மாற்று விடுப்பா, ஹேண்ட் ஓவர் நேரம் டூட்டிக்குள் சேருமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மாலை ஷிப்ட் முடிந்து இரவு 8, 9 மணிக்குக் கிளம்புகிறவருக்கு வண்டி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஹாஸ்டலில் தங்குகிறவர் என்றால், விடுப்பு நாளில் “ஆள் இல்ல, வா” என்று கூப்பிடுவார்களா என்பதையும் வார்டு அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். மருத்துவமனை வளாகத்திலேயே தங்குகிறவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

பத்து நிமிடம் வார்டைப் பார்க்கக் கேளுங்கள்

“மேடம், ஒரு பத்து நிமிஷம் வார்டைப் பார்க்கலாமா?” இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பலன் மற்ற பத்துக் கேள்விக்கும் கிடைக்காது. மதியம் ஷிப்ட் மாறும் நேரம் அமைந்தால் இன்னும் நல்லது.

முதலில் நர்சிங் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் டூட்டி ரோஸ்டரைப் பாருங்கள். ஒரே பெயருக்கு நேராகப் போய் ‘என்’ (நைட்) எத்தனை தடவை தொடர்ந்து வருகிறது, அதன் பின் ‘ஓ’ (ஆஃப்) வருகிறதா என்று விரலால் எண்ணலாம். பிறகு மேலிருந்து கீழாக இன்றைய தேதிக்கு வாருங்கள். இன்று நைட்டுக்கு எத்தனை ‘என்’? சூப்பரின்டெண்டன்ட் சொன்ன எண்ணும் இதுவும் ஒன்றா? வெள்ளை மையால் அழித்து மேலே எழுதிய கட்டங்கள் நிறைய இருந்தால் லீவை ரத்து செய்வது அங்கே வழக்கம் என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்து கிராஷ் கார்ட், அதாவது அவசர மருந்தும் கருவியும் வைத்திருக்கும் தள்ளுவண்டி. அதன்மேல் தொங்கும் செக் லிஸ்டில் இன்றைய தேதிக்குக் கையெழுத்து இருக்கிறதா? நேற்று, முந்தாநாள் கட்டங்கள் காலியாக இருக்கிறதா? இல்லை, மாதம் முழுக்க ஒரே பேனாவில் ஒரே நாளில் போட்டதுபோல் இருக்கிறதா? பயன்படுத்திய ஊசிகளைப் போடும் வெள்ளை டப்பாவைப் பாருங்கள். முக்கால் அளவு நிரம்பியதும் அதை மூடிவிட்டு வேறு டப்பா வைக்க வேண்டும். வாய்வரை நிரம்பி ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஊசி குத்துவது சாதாரணமாக நடந்துகொண்டிருக்கும்.

அங்கே இருக்கும் அக்காவிடம் இரண்டே கேள்வி: “எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கக்கா?”, “போன மாசச் சம்பளம் எத்தனாம் தேதி வந்துச்சு?” கண்ணில் படுகிறவர்கள் எல்லாரும் ஆறு மாதத்துக்குள் சேர்ந்தவர்கள் என்றால், ஏன் யாரும் தங்குவதில்லை என்று யோசிக்க வேண்டும்.

வார்டைக் காட்ட மறுத்தால் அதனாலேயே மோசமான இடம் என்று முடிவுகட்ட வேண்டாம். தொற்றுக் கட்டுப்பாடு காரணமாக ஐ.சி.யு.வுக்குள் விடாமல் இருப்பது சரிதான். பொது வார்டையும் காட்டாவிட்டால் யோசியுங்கள்.

ஊசி குத்தினால்

2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள், பணியாளர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடவும், சேரும்போதும் பிறகு வருடம் ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை செய்யவும் மருத்துவமனையைப் பொறுப்பாக்குகின்றன. ஆகவே “தடுப்பூசி, வருடாந்திரச் செக்-அப் செலவு ஆஸ்பத்திரியோடதுதானே சார்?” என்று உரிமையோடு கேட்கலாம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ்: இன்று, 1 மாதம் கழித்து, 6 மாதம் கழித்து. கல்லூரியில் இரண்டு டோஸோடு நின்றவர்கள் நிறையப் பேர். மூன்றாவதைப் போட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) அளவு 10-க்கு மேல் வந்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு இதைக் கேளுங்கள்: “நைட் ரெண்டு மணிக்கு ஊசி குத்திக்கிட்டா யாருக்குச் சொல்லணும், மருந்து எங்க இருக்கு?” எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தவரை 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. “காலையில இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டர் வந்ததும் பாத்துக்கலாம்” என்ற பதில் போதாது. முதல் மாத்திரை காஷுவாலிட்டியிலோ பார்மசியிலோ இரவிலும் கிடைக்க வேண்டும்.

சம்பளம்: சொல்வதும் கைக்கு வருவதும்

“19,665 சம்பளம்” என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். “சார், இது சி.டி.சி.யா, கிராஸா, டேக் ஹோமா?” என்று கேட்க வேண்டும். சி.டி.சி. என்பது உங்களுக்காக நிர்வாகத்துக்கு ஆகும் மொத்தச் செலவு, கிராஸ் என்பது பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம், டேக் ஹோம் என்பது கைக்கு வருவது. கணக்கு இப்படி இருக்கலாம்: கிராஸ் 18,000, அதில் பேசிக் 9,000. நிர்வாகம் கட்டும் பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம், 1,080. நிர்வாகம் கட்டும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிராஸில் 3.25 சதவீதம், 585. மூன்றும் சேர்ந்துதான் அந்த 19,665. உங்கள் கணக்கிலிருந்து பி.எஃப். 1,080, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், அதாவது 135 போனால் 16,785. ஹாஸ்டலுக்கு 1,500, மெஸ்ஸுக்கு 2,500 பிடித்தால் வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது 12,785. இந்தக் கணக்கை எச்.ஆரிடமே பேப்பரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஹாஸ்டலில் தங்காவிட்டாலும் பிடிப்பார்களா, நைட் அலவன்ஸ் உண்டா, யூனிஃபார்ம் காசு யாருடையது என்பதும் அதே பேப்பரில் வரட்டும்.

பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் யு.ஏ.என். எண் (உங்கள் பெயரிலான நிரந்தர பி.எஃப். எண்) எப்போது தருவார்கள் என்று கேளுங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டு பி.எஃப். அலுவலகத்தில் கட்டாமல் விடுவது நடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பி.எஃப். பாஸ்புக்கை நீங்களே பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒப்பிட ஓர் அளவு வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய அரசு அமைத்த குழு தனியார் மருத்துவமனை நர்ஸ்களுக்கான சம்பளத்தைப் பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸின் சம்பளத்துக்குச் சமம். 100 முதல் 200 வரை என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்குக் கீழ் என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இது பரிந்துரைதான். இதைக் காட்டி எச்.ஆரிடம் சண்டை போட முடியாது. ஆனால் உங்களுக்குச் சொல்லப்படும் தொகை எந்த இடத்தில் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பிடித்தம் பற்றி யாரும் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தொலைந்தால், தெர்மாமீட்டர் உடைந்தால், பில் கட்டாமல் நோயாளி போய்விட்டால் அந்த ஷிப்ட் நர்ஸ்களின் சம்பளத்தில் பங்கு போட்டுப் பிடிக்கும் இடங்கள் உண்டு. “இன்வென்டரி லாஸுக்குப் பிடித்தம் இருக்கா சார்?” என்று கேட்டுவிடுங்கள்.

பாண்டும் சர்டிபிகேட்டும்

பாண்ட் இருக்கிறது என்றால் நான்கு கேள்வி. எத்தனை மாதம்? இடையில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும்? நாள் ஆக ஆக அந்தத் தொகை குறையுமா? எந்தப் பயிற்சிக்காக இந்தத் தொகை? பிறகு, கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க நகல் கேளுங்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும். அதற்காகப் பாண்டைச் சும்மா காகிதம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடவும் கூடாது.

தொகை எழுதாத காசோலையிலோ, எதுவும் எழுதாத பத்திரத்திலோ கையெழுத்து கேட்டால் எந்தக் காரணம் சொன்னாலும் கொடுக்காதீர்கள். காசோலை திரும்பினால் அது தனி வழக்காகிவிடும்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று நேராகக் கேளுங்கள். “சரிபார்த்துட்டு இன்னிக்கே கொடுத்துடுவீங்கல்ல சார்? எம்.ஆர்.பி. தேர்வுக்கு வெரிஃபிகேஷன் வந்தா வேணும்” என்று சொல்லலாம். எம்.ஆர்.பி. என்பது அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் வாரியம், ஆகவே அது உண்மையான காரணமும்கூட. குடும்பச் சூழ்நிலை கட்டாயப்படுத்திக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எந்தெந்தச் சான்று, என்ன தேதி, யார் வாங்கினார் என்று எழுதி சீல் வைத்த ரசீது வாங்காமல் கையைவிட்டு விடாதீர்கள்.

லெட்டரில் பதவியின் பெயர் என்ன என்பதும் இதோடு சேர்ந்தது. ஒரு வருடம் முழுப் பொறுப்போடு வார்டு பார்த்தவருக்கு ‘டிரெய்னி’ என்று அனுபவச் சான்று கொடுத்தால் வளைகுடா வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இடிக்கும். ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று வருமா, டிரெய்னி காலம் எந்தத் தேதியில் முடியும், அனுபவச் சான்றில் வார்டு பெயரும் படுக்கை எண்ணிக்கையும் போடுவார்களா, வெளிநாட்டிலிருந்து சரிபார்ப்பு மெயில் வந்தால் எச்.ஆர். பதில் போடுவார்களா? கடைசிக் கேள்வி முக்கியம். மருத்துவமனை பதில் போடாததால் நல்ல அனுபவம் இருந்தும் ஆறேழு மாதம் காத்துக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள்.

“எப்பம்மா கல்யாணம்?”

இதை அவர்கள் உங்களைக் கேட்பார்கள். கோபப்படவும் வேண்டாம், வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். “இப்போதைக்கு வேலையிலதான் கவனம் மேடம்” என்று முடித்துவிட்டு, “பிரசவ விடுப்பு உங்க பாலிசில எப்படி?” என்று பொதுவாகக் கேட்டுவிடலாம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு தரச் சட்டம் சொல்கிறது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு அந்தப் பணம் இ.எஸ்.ஐ. வழியாக வரும். “எங்க பாலிசில மூணு மாசம்தான்” என்று பதில் வந்தால், மற்றச் சட்டங்களையும் அங்கே அப்படித்தான் நடத்துவார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். இதைக் கேள்வியாகக் கேட்கத் தயங்கினால் நோட்டீஸ் போர்டில் தேடிப் பாருங்கள். குழுவில் உள்ளவர்களின் பெயரும் போன் எண்ணும் ஒட்டியிருக்க வேண்டும். காஷுவாலிட்டிக்குப் போடப் போகிறார்கள் என்றால், நைட்டில் செக்யூரிட்டி எத்தனை பேர், நோயாளியின் கூட வந்தவர்கள் கைநீட்டினால் போலீஸில் புகார் கொடுப்பது யார் என்றும் கேளுங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. நிர்வாகம் புகார் கொடுக்க முன்வரவில்லை என்றால் அது ஏட்டிலேயே கிடக்கும்.

அன்று மாலையே ஒரு மெயில்

கேட்ட எண்களெல்லாம் நோட்டில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் எச்.ஆருக்குச் சுருக்கமாக ஒரு மெயில் போடுங்கள்:

“வணக்கம். இன்று நடந்த இன்டர்வியூவில் பேசியதைக் குறித்துவைத்திருக்கிறேன். பதவி: ஸ்டாஃப் நர்ஸ், மெடிக்கல் வார்டு. கிராஸ் ரூ.18,000. டூட்டி 8 மணி நேரம், வாரம் ஒரு விடுப்பு. சீனியருடன் பயிற்சி 21 நாள். பாண்ட் 12 மாதம். ஒரிஜினல் சான்றுகள் சரிபார்த்து அன்றே திருப்பித் தரப்படும். இதில் மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்.”

பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வந்ததும் இதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் ஜாயின் பண்ணுவதற்கு முன்பே போன் செய்து, “சார், மெயில்ல 8 மணி நேரம்னு போட்டிருந்தேன், ஆர்டர்ல 12-ன்னு இருக்கு. எது சரி?” என்று கேளுங்கள். 8 மணி நேரம் என்றால் திருத்திய ஆர்டரைக் கேட்டு வாங்குங்கள். “ஜாயின் பண்ணுங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்று சொன்னால், மாற்றித் தந்த பிறகு வருவதாகச் சொல்லுங்கள். ஊரிலிருந்து பெட்டியோடு கிளம்பும் முன் நடக்க வேண்டிய பேச்சு இது. கையெழுத்தான ஆர்டரின் நகல் ஒன்று ஹாஸ்டல் பெட்டியில் போகட்டும், இன்னொன்றை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.